மிதித்தால் யோசிக்கிற கார்

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் பொருத்தி, கண்களை மூடி மெக்கானிக் இடது கையைத் தூக்கிவிட்டார் என்றால் பட்டறையில் யாரும் மூச்சு விடக்கூடாது. பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பவர்கூட உறிஞ்சுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். அரை நிமிடம் போகும். பிறகு கண்ணைத் திறந்து, துக்கச் செய்தி கொண்டுவந்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார்.

"உள்ள முனகுது."

எல்லா வண்டியும் முனகும். அவரிடம் வந்து முனகாமல் தப்பித்த வண்டி இதுவரை இல்லை. பெற்றோர் வைத்த பெயர் பட்டறை வாசல் பலகையில் இருக்கிறது. ஆனால் ஊருக்கு அவர் காதுக்காரர். காலையில் பட்டறையைத் திறந்ததும் பஞ்சு சுற்றிய குச்சியால் இரண்டு காதையும் சுத்தம் செய்வார், வித்துவான் சுருதி சேர்க்கிற தோரணையில். தெருக்கோடிப் பட்டறைக்காரர் கோளாறு கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும்.

"அது மெஷினு. இருக்கறத மட்டுந்தான் சொல்லும். இது காது. இல்லாததையும் கேக்கும்."

இதை அவர் பெருமையாகத்தான் சொல்கிறார். இதே காது, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி மூன்று மாதமாகச் சொல்வதை மட்டும் கேட்டதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பானெட்டைத் திறக்கும் முன், "வண்டிய யாரு ஓட்டுறது?" என்பார். ஆண் என்றால் ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். பெண் என்றால் அதுவும் தேவைப்படாது, நோய் தெரிந்துவிடும்.

தையல் கடை நடத்தும் அம்மாள் போன மாதம் தன் பழைய காருக்கு அவரிடம் ஏர் ஃபில்டரை மாற்றிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்.

"மிதிச்சா உடனே போக மாட்டேங்குதுண்ணே. ஒன்னு, ரெண்டு, மூணு எண்ணுற வரைக்கும் யோசிக்குது. அப்புறம் திடீர்னு பாயுது."

"நீங்க எப்படி மிதிக்கிறீங்க?"

"காலாலதான்."

காதுக்காரர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார். "ஆக்சிலேட்டர்ங்கிறது பூ மாதிரிம்மா. நீங்க பொம்பளைங்க பயத்துல ஒரே அமுக்கா அமுக்கிடுறீங்க. வண்டி மெரண்டு போகுது." இருபது வருடமாகத் தினமும் எட்டு மணி நேரம் தையல் மெஷினை மிதித்து, ஒரு தையல் பிசகாமல் தைப்பவருக்குக் கால்மணி நேரம் மிதிக்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு தானே காரை எடுத்துக்கொண்டு, நடந்து போகிறவர்கள் முந்திவிடாத வேகத்தில், தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "வெண்ணெய் மாதிரி போகுது."

பத்து நாள் கழித்து அந்த அம்மாள் மறுபடியும் வந்தார். இம்முறை, வந்தவர் மனம் நோகக்கூடாதே என்று காதுக்காரர் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். பாடத்தை மட்டும் மாற்றவில்லை. "அடுத்த தடவ வீட்டுக்காரர அனுப்புங்க. அவருகிட்ட வெவரமா சொல்றேன்."

"அவருக்கு ஓட்டத் தெரியாதுண்ணே."

மூன்றாம் முறை வந்தபோது அந்த அம்மாள் சாவியை நீட்டவில்லை. முகம் வெளிறியிருந்தது. முந்தின நாள் தன் தாயை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். நாற்சந்தியில் வலது பக்கம் திரும்பும்போது கார் நட்டநடுவில் நின்று யோசித்திருக்கிறது. எதிரே வந்த லாரிக்காரர் பிரேக்கில் ஏறி நின்றிருக்கிறார். லாரியின் பம்பருக்கும் தாய் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கும் இடையே ஒரு சாண்.

"பக்கத்துல உக்காருங்கண்ணே. இன்னிக்கு நான் ஓட்டுறேன்."

உட்கார்ந்தார். பட்டறைச் சந்து முழுக்கப் பாடம் நடந்தது. மெயின் ரோட்டு முனையில் கார் நின்றது. வலப்பக்கம் தூரத்தில் ஒரு பஸ்.

"போகட்டுமா? நீங்க சொன்னா போறேன்."

"தாராளமா போங்க. அது வர்றதுக்குள்ள ஒரு டீயே குடிக்கலாம்."

மிதித்தார். கார் ரோட்டுக்குள் பாதி நுழைந்து யோசிக்க ஆரம்பித்தது. ஒன்று. பஸ் பெரிதானது. இரண்டு. ஹாரன் அலறியது, டிரைவரின் திறந்த வாய்கூடத் தெரிந்தது. காதுக்காரரின் வலது கால், அவர் பக்கம் எந்தப் பெடலும் இல்லாத வெறும் தரையை ஒரே அமுக்காக அமுக்கியது. "ஐயோ, போம்மா! போ!" மூன்று. கார் பாய்ந்தது. பஸ் வசவோடு பின்னால் உரசாமல் போனது.

"அப்படி மிதிக்காதீங்கண்ணே," என்றார் தையல்கார அம்மாள், ரோட்டிலிருந்து கண் எடுக்காமல். "பூ மாதிரி."

பட்டறைக்குத் திரும்பியதும் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைக்க அவருக்குத் தோன்றவில்லை. நேராக ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றினார். ஃபில்டருக்கு அப்பால், எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் வாயருகே ஒரு துணி கிடந்தது. மெதுவாக ஓட்டினால் அது தன் பாட்டுக்குப் படுத்திருக்கும். அழுத்தி மிதித்தால் இழுக்கிற காற்றோடு எழும்பிப் போய்க் குழாயை அடைக்கும். எஞ்சின் மூச்சு முட்டி நிற்கும். துணி கொஞ்சம் விலகினால் கார் பாயும்.

நீலத் துணி. அதில் மஞ்சள் வாத்துகள். மகளின் பழைய படுக்கை விரிப்பை மனைவி துண்டு துண்டாகக் கிழித்துப் பட்டறைக்குக் கொடுத்தனுப்பியது. அதன் இன்னொரு துண்டு அந்த நிமிடமும் அவர் தோளில் கிடந்தது.

"காத்து இழுத்துட்டு வந்திருக்கும்," என்றார்.

அந்த அம்மாள் பெட்டியைப் பார்த்தார். அவர் தோளைப் பார்த்தார். "வாத்தெல்லாம் ஒரே கூட்டம் போல இருக்கேண்ணே."

காதுக்காரரின் காதுகள் சிவந்தன. துணியைக் கையில் சுருட்டியபோது லாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த அந்த ஒரு சாண் அவர் கண்முன் வந்தது. ஃபில்டர் மாற்றிய அன்று பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்ததும், பாதியில் டீ வந்ததும் நினைவுக்கு வந்தன.

"உங்க அம்மா எப்படி இருக்காங்க?" ஒரு மாதத்தில் அவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

"இந்தக் கார்ல ஏற மாட்டேங்கறாங்க. நடந்தே போறேன்னு அடம்."

தலையைக் குனிந்தபடி கிளிப்புகளை மாட்டினார். ஒருமுறைக்கு இருமுறை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு நேரம் தாங்கியதே பெரிது. எஞ்சின் கிளம்பியதும் ஜன்னலில் ஒரு கையை ஊன்றி, மறுகையின் ஆள்காட்டி விரலை உயர்த்தினார்.

"எதுக்கும் பாத்து மிதிங்கம்மா. நீங்க பொம்பளைங்க என்ன பண்றீங்கன்னா..."

அந்த அம்மாள் மிதித்தார். கார் இம்மியும் யோசிக்கவில்லை.

ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது வெறும் தெருதான் இருந்தது. உயர்த்திய விரல் மட்டும் காற்றில் நின்றது. பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்ததும், காதுக்காரர் அதை மெல்ல மடக்கிப் பிடரியைச் சொறிந்துகொண்டார்.