ஆமைகளுக்கு நான் கட்டிய தொட்டி

தொண்ணூறுகளின் நடுவில் தலைநகரில் கோல் மார்க்கெட் பக்கம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் தரைத்தளத்தில் இருந்தோம். பின்னால் பதினாறு அடிக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கொல்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் இரண்டு ஆமைகள் வளர்த்தாள். வாங்கியபோது பிஸ்கட் அளவு இருந்தவை மூன்று வருடத்தில் உள்ளங்கையை மீறிவிட்டன. பிளாஸ்டிக் டப் போதவில்லை.

அதற்கு முன் ஒருமுறை சின்ன ஆமை டப்பிலிருந்து ஏறி வெளியேறி, கூலருக்கு அடியில் இரண்டு நாள் கிடந்தது. அந்த இரண்டு நாளில் பின்சந்துச் சாக்கடையை எட்டு முறை போய்ப் பார்த்தேன். அதனால் கொல்லையில் குளம் கட்டுவது என்று முடிவானபோது எனக்கு ஒரே கவலைதான்: இரண்டு ஆமையும் உள்ளேயே இருக்க வேண்டும்.

ஆறடி நீளம், நாலடி அகலம், ஒன்றே முக்கால் அடி ஆழம். இருநூற்றுப் பதினாலு செங்கல். "ஒரு பக்கம் சரிவா விடட்டுமா, பாபுஜி?" என்று கொத்தனார் இந்தியில் கேட்டார். வேண்டாம், நாலு பக்கமும் நேராக எழுப்பி வழுவழுவென்று பூசுங்கள் என்றேன். சிமெண்டின் காரம் போக ஐந்து முறை தண்ணீர் நிரப்பி இறைத்தேன். குழாயில் தண்ணீர் வருவதே காலையில் ஒன்றரை மணி நேரம். "மனுசங்களுக்கும் ரெண்டு வாளி விடுங்க" என்றாள் மனைவி.

ஆமைகளை விட்ட பிறகு ஆபீஸ் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை எண்ணுவேன். ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இரண்டும் சுவரை ஒட்டியே நீந்தின. அரை மணியில் பெரியது இருபத்தாறு சுற்று, சின்னது முப்பத்தொன்று. மகளைக் கூப்பிட்டு, எப்படி விளையாடுதுங்க பார் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "விளையாடலப்பா. ஏற இடம் தேடுதுங்க. டப்ல கல்லு வச்சிருந்தேன்ல? இங்க எங்க போய் வெயில் காயும்? நாள் பூரா நீந்திக்கிட்டே இருக்கணுமா?"

"கல்லு வச்சா வெளிய போயிடும்மா."

"போனா தேடலாம்ப்பா."

நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் போட்ட தீனி அப்படியே மிதந்தது. சின்னது ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. தொட்டபோது தலையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. மகள் அதை எடுத்துத் துடைத்து, தண்ணீரில்லாத பழைய டப்பில் வைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் லீவு போட்டுக் கொத்தனாரை அழைத்து வந்தேன். "ஆமை சொல்லிச்சா, பாபுஜி?" என்றார். தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, ஒரு மூலையில் செங்கல் அடுக்கி, சொரசொரப்பான கற்பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தோம். பலகையின் மேல்முனைக்கும் சுவர் விளிம்புக்கும் நாலு விரற்கடைதான் இடைவெளி. நினைத்தால் ஏறிப் போய்விடலாம். அன்று பூராவும் அந்த நாலு விரல்தான் என் கண்ணில் நின்றது.

மகள் மூன்று நாள் சின்னதை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிறன்று அது ஒரு கீரைத் துண்டைக் கடித்தது. திங்கள் காலை தொட்டியில் விட்டோம். மகள் இன்னும் என்னோடு பேசவில்லை. மத்தியானம் ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவி எடுத்தாள்.

"சின்னது எங்கே?"

"பலகை மேல கிடக்கு."

"கிடக்குன்னா? அசையுதா?"

"தலையும் நாலு காலும் நீட்டிக்கிட்டு வெயில் காயுது. நான் கிட்டப் போனதும் தொபுக்குன்னு தண்ணில விழுந்துச்சு. போதுமா? போன வைங்க, உங்க பொண்ணு பக்கத்துல நின்னு சிரிக்கிறா."