நேற்றிரவு இங்கே யார் தூங்கினார்கள்?

என் அக்காவிடம் வயதைச் சொல்லும் முன் கொஞ்சம் யோசித்துக்கொள்வது நல்லது. நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று வாய்க்கு வந்த முழு எண்ணைச் சொல்லித் தப்பிக்க முடியாது. "நாட்டுல குழந்தைங்க என்ன, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா பொறக்குதா?" என்று கேட்டுவிடுவாள். அக்கா மக்கள்தொகை ஆய்வாளர். எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், நடுவில் எந்தத் தெருவில் யாருக்கு என்ன நோய் என்று நகரத்தைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவள். உறவுக்காரர் வீடுகளில் அவளைக் கண்டதும் பெரிய மாமா மெல்ல வேறு நாற்காலிக்கு மாறிவிடுவார். அவருக்குப் பல வருடங்களாக நாற்பத்தைந்தே நடந்துகொண்டிருந்தது.

இந்த உத்தியோகத்தின் மகிமை அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டுக்கிட்டு அலையறே. நம்ம வீட்ல ஒரு பொண்ணு இருக்கான்னு யாராவது கேக்கறாங்களா?"

"கேட்டா நான் படிவத்துல 'கல்யாணம் ஆனவங்க' கட்டத்துக்கு மாறிடுவேன்மா. அவ்வளவுதான்."

பிறகு மாறவும் செய்தாள். கேட்டவுடன் உண்மையான வயதைச் சொன்ன ஒரே ஆண்மகன் என்பதால்தான் அத்தான் தேர்வானார் என்று நான் சொல்வதுண்டு. இருவருமே இதுவரை மறுத்ததில்லை.

அவள் வேலையில் எனக்கு இன்றும் புரியாத ஓர் அதிசயம் உண்டு. முன்பின் தெரியாத ஒருத்தி கதவைத் தட்டுகிறாள். உங்களுக்குப் பிறந்து இறந்துபோன குழந்தைகள் உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோயா என்று கேட்கிறாள். நியாயமாகப் பார்த்தால் துடைப்பத்தை எடுக்க வேண்டும். மக்கள் நாற்காலியை எடுத்துப் போடுகிறார்கள். தண்ணீர் கொடுக்கிறார்கள். கணவரிடம்கூடச் சொல்லாததைச் சொல்கிறார்கள். "அவங்க எனக்குக் கடன்பட்டவங்க இல்லடா. இருந்தும் சொல்றாங்க பாரு," என்பாள் அக்கா. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் கேலி இருக்காது.

அப்படிக் கதவு திறந்தவர்களையே அவள் ஒருமுறை கணக்கிலிருந்து காணாமலடித்தாள்.

நகரத்தின் உடல்நலம் பற்றிய பெரிய ஆய்வு அது. கேள்விகள் எல்லாம் அக்கா எழுதியவை. அவள் நிறுவனத்தின் இயக்குநர் முன்னுரை எழுத, அறிக்கை அச்சாகி வந்து, எல்லோரும் தோளில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த வாரத்தில், சந்தைக்குப் பின்புறத் தெருவின் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியர் அழைத்தார்.

"உங்க புண்ணியத்துல எங்களை மூட்டை கட்டச் சொல்லிட்டாங்க மேடம். புதுசா வந்த அடுக்குமாடிப் பக்கம் போகணுமாம்."

"உங்க தெருவுலதான் அனேகமா ஆளே இல்லையே சிஸ்டர். அறிக்கையில அப்படித்தானே வந்திருக்கு?"

"ஆளே இல்லாத தெருவுல நான் தினமும் யாருக்கு சுகர் பாக்கறேன்? தெரு நாய்க்கா?"

அக்கா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். வண்டி ஓட்டியவன் நான். சரித்திரத்தில் என் பங்கு அவ்வளவே.

மத்தியான வெயிலில் தெரு பேய் உலாவும் இடம்போல் கிடந்தது. கதவுகள் சாத்தியிருந்தன. ஜன்னல்களில் தடித்த போர்வைகள் தொங்கின. எனக்கு அறிக்கை சரியென்றே பட்டது. அக்காவோ குனிந்து வாசல்களைப் பார்த்தாள். ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் செருப்புகள் குவியலாகக் கிடந்தன. ஒரு கதவைத் தட்டினாள். வெகுநேரம் கழித்து, ஒரு கண்ணை மட்டும் திறந்தபடி ஒருவர் எட்டிப் பார்த்தார். தலைமுடியில் மாவு ஒட்டியிருந்தது.

"மன்னிக்கணும்ணா. நேத்து ராத்திரி இந்த வீட்ல யாரெல்லாம் தூங்கினாங்க?"

"யாரும் தூங்கலியேம்மா. முன்னாடி கணக்கெடுக்க வந்த தம்பிகிட்டயும் இதைத்தானே சொன்னேன்?"

"இப்ப உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"ஆறு பேர். எல்லாருக்கும் ராத்திரி வேலை. நான் ரொட்டி அடுப்புல நிக்கறேன். ரெண்டு பேர் சந்தையில மூட்டை எறக்கறாங்க. மத்தவங்க ஆஸ்பத்திரியில கூட்டித் துடைக்கறாங்க. பகல்லதான் தூங்குவோம்." கொட்டாவி விட்டார். "நீங்க வர்ற வரைக்கும் தூங்கிட்டுதான் இருந்தேன்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரே ஆளை இரண்டு இடத்தில் எண்ணிவிடக் கூடாதே என்று, நேற்றிரவு எங்கே தூங்கினாரோ அங்கேதான் அவரைச் சேர்ப்பது என்பது அவர்கள் தொழிலின் புனித விதி. அந்தத் தெருவே ராத்திரி தூங்காத தெரு. நகரத்துக்கு விடியற்காலையில் ரொட்டியும் காய்கறியும் சுத்தமான ஆஸ்பத்திரியும் தருகிறவர்கள், ராத்திரி தூங்கவில்லை என்ற குற்றத்துக்காக ஊரில் இல்லாதவர்கள் ஆகிவிட்டார்கள்.

"அந்தச் சுகாதார நிலையம் போயிடும்னு சொல்றாங்களேம்மா, நெசமா?" என்றார் ரொட்டிக்காரர். "சுகருக்கு அங்கதான் ஊசி போட்டுக்கறேன். ராத்திரி பூரா நின்னுட்டு வந்து, ரெண்டு பஸ் மாறிப் போக எனக்கு முடியாது."

"போகாதுண்ணா," என்றாள் அக்கா. என்ன தைரியத்தில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் இயக்குநர் அறையில் நடந்ததை அவள் வாயால்தான் அறிந்தேன்.

"அச்சாயிடுச்சேம்மா," என்றாராம் அவர் பரிதாபமாக. "முன்னுரையில 'பிழையற்ற ஆய்வு'ன்னு வேற எழுதித் தொலைச்சிருக்கேன்."

"அந்த வார்த்தையை எடுத்துடலாம் சார். தப்பு என்னோடதுன்னு நானே எழுதித் தர்றேன்."

"எல்லாரும் பாராட்டினாங்களே!"

"பாராட்டினவங்க எல்லாரும் ராத்திரி தூங்கறவங்க சார்."

இயக்குநர் தன் முன்னுரையை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாராம். பெரிய பதவியில் இருப்பவர்கள் தங்கள் முன்னுரையைப் பார்த்துச் சிரிப்பது அபூர்வம். அந்த மனிதருக்கு எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. இடமாற்றத்தை நிறுத்தி வைக்கும்படி நகராட்சியிடம் அவரே பேசினார்.

வேலைக்குக் கிளம்பும் அந்தி நேரத்தில் ஆட்களை அனுப்பி, அக்கா தெருவை மறுபடி எண்ண வைத்தாள். புதிய கணக்கைப் பார்த்தபின் சுகாதார நிலையத்தை அசைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. செவிலியர் கேட்டுக்கொண்டபடி, அதை விடியும்போதே திறக்கவும் உத்தரவானது.

திறந்த முதல் காலை அக்கா போய் ஓரமாக நின்றாள்; வண்டியோடு நானும் கூட இருந்தேன். வேலை முடிந்து நேராக வந்தவர்கள் வரிசையில் நின்றபடியே தூங்கி வழிந்தார்கள். ரொட்டிக்காரர் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் அக்காவை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானே அன்னைக்கு என்னை எழுப்பினது?"

"ஆமாண்ணா. மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்லம்மா. நல்ல நேரத்துலதான் எழுப்பினீங்க. இன்னைக்கு ஏதாச்சும் கேக்கணுமா?"

"ஒண்ணுமில்லண்ணா. போய்த் தூங்குங்க."

அவர் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். தெருவில் ஒவ்வொரு கதவாக மூடியது. "சத்தம் போடாம வாடா," என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அக்கா நடந்தாள். வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போகச் சொன்னாள்.