முகம் தேடி மாடியேறும் டாக்டர்

கதவை முழுதாகத் திறப்பதில்லை அவள். ஒரு சாண் அளவு திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டுவாள். ஆறு, ஏழு, எட்டு என்று உதடு அசையக் கட்டில்களை எண்ணுவாள். தேடிய எண் வந்ததும் பார்வை அங்கேயே நின்றுவிடும். அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். படுத்திருப்பவரின் முகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடுவாள்.

பெண்கள் வார்டில் அவளுக்கு ‘எட்டிப் பார்க்கிற டாக்டர்’ என்று பெயர். எட்டாம் கட்டிலில் இருந்த சலவைக்கடைக்காரம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் மடக்கிவிட்டார்.

“என்ன கண்ணு, மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து பொண்ணு பாக்க வந்த மாதிரி பாத்துட்டுப் பாத்துட்டுப் போறே? பிடிச்சிருக்கா இல்லையா, சொல்லிட்டுப் போ!”

அகப்பட்டுக்கொண்ட திருடியைப்போல் அவள் உள்ளே வந்தாள். “இல்லம்மா... காலைல உங்க முதுகெலும்ப பாத்தேன். அது யாருதுன்னு பாக்கலாம்னு வந்தேன்.”

“எப்படி இருக்கு என் முதுகெலும்பு?”

“தேஞ்சிருக்கு. ஆனா உங்கள மாதிரி வம்புக்கு வரல. அமைதியா இருக்கு.”

வார்டே சிரித்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு சலவைக்கடைக்காரம்மாவும் சிரித்தார்.

இந்தப் பெண்ணுக்கு வயது இருபத்தேழு. டாக்டரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. என் அக்காவுக்குத் துணையாக அந்த வார்டில் ஒன்பது நாள் இருந்து, அவளோடு பழகிய பிறகு எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு வேலை தரைக்குக் கீழே. ஸ்கேன் பிரிவில் மேல்படிப்பு, இரண்டாம் ஆண்டு. ஜன்னல் இல்லாத அறை, சுவரெல்லாம் கறுப்பு, எதிரே இரண்டு பெரிய திரைகள். ஊரில் உள்ளவர்களின் நுரையீரலும் மூளையும் எலும்பும் வரிசையாக அந்தத் திரையில் வந்து நிற்கும். பார்த்து, என்ன கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மருத்துவம் படித்தவர்கள் அந்த இடத்துக்குத் தவம் கிடக்கிறார்கள். முதல் பத்து ரேங்கில் வந்தவர்களுக்குத்தான் கிடைக்குமாம். இவளுக்குக் கிடைத்தபோது அவள் அம்மா தெரு முழுக்க இனிப்புக் கொடுத்திருக்கிறார்.

மேலே வரும்போது லிஃப்டில் ஏறமாட்டாள். லிஃப்டில் துறைத் தலைவி வருவார் என்ற பயம். நான்கு மாடியையும் படியேறியே வருவாள். இருட்டிலிருந்து வருவதால் இரண்டாவது மாடி ஜன்னல் வெளிச்சம் பட்டதும் புருவத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு கணம் நிற்பாள். கோட்டுப் பையில் எப்போதும் பிஸ்கட் இருக்கும். எலி கொறிப்பதுபோல் ஓரத்தை மட்டும் சுற்றிக் கடித்துவிட்டு, நடுவில் எஞ்சியதைக் கடைசியில் ஒரே வாயாகப் போடுவாள். அதுதான் பல நாள் அவளுக்கு மதியச் சாப்பாடு.

என் அக்காவைத் தேடி அவள் வந்தது ஒரு திங்கட்கிழமை. நான்கு நாள் வயிற்று வலியோடு அக்காவைச் சேர்த்திருந்தோம். காலையில் ஸ்கேன் எடுத்தாயிற்று. பெரிதாக ஒன்றும் இருக்காது, வாயுத் தொல்லையாக இருக்கும், ஸ்கேன் முடிவு வந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று வார்டு டாக்டர் சொல்லியிருந்தார். நான் துணிமணிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். கதவு ஒரு சாண் திறந்தது. உதடு எண்ணியது. பதினொன்றில் நின்றது.

பார்த்துவிட்டுப் போகிறவள் அன்றைக்குப் போகவில்லை. வலியில் சுருண்டு கிடந்த அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டிலருகே வந்தாள்.

“அம்மா, பித்தப்பை ஆபரேஷன் உங்களுக்கு எப்ப நடந்தது?”

“எனக்கா?” அக்கா வலியிலும் வியந்தாள். “நாலு பெத்தேன், நாலும் தானாப் பொறந்தது. இந்த உடம்புல கத்தியே பட்டதில்லம்மா.”

அந்தப் பெண்ணின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அவள் நர்ஸை அழைத்து, அக்காவின் வயிற்றில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த நொடி ஓடினாள். படிகளில் அவள் செருப்புச் சத்தம் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது.

நடந்தது இதுதான். அன்று காலை ஒரே பெயரில் இரண்டு பெண்களுக்கு ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். வயதும் ஏறக்குறைய ஒன்று. படம் மாறிவிட்டது. பித்தப்பையை எப்போதோ எடுத்துவிட்ட இன்னொரு பெண்ணின் படம் என் அக்காவின் பெயரில் உட்கார்ந்துகொண்டது. கற்கள் அடைத்து, வீங்கி, வெடிக்கக் காத்திருந்த அக்காவின் பித்தப்பை அந்தப் பெண்ணின் பெயரில் போய்விட்டது. மாலை நான்கு மணிக்கு அக்காவை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று பிறகு ஆபரேஷன் செய்த சர்ஜன் சொன்னார்.

அக்கா பிழைத்தாள். அவளைப் பார்க்க டாக்டர் பெண் தினமும் வரத் தொடங்கினாள். அக்காவை ‘அம்மா’ என்று கூப்பிட்டதால் நான் தானாகவே ‘சின்னம்மா’ ஆனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கொறித்தபடி மறுநாளே சொன்னாள்:

“சின்னம்மா, நான் இங்கேர்ந்து மாறிப் போகணும்னு ஒரு மாசமா லெட்டர் எழுதி வச்சிருக்கேன். பொது மருத்துவத்துல ஒருத்தர் விட்டுட்டுப் போயிட்டார். இடம் காலியா இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள எங்க மேடம் கையெழுத்து வேணும்.”

“கீழ யாராவது திட்டறாங்களா?”

“யாரும் திட்டல. அதுதான் கஷ்டமே. வேலை நல்ல வேலை, மேடம் நல்லவங்க. என்ன குறைன்னு கேட்டா சொல்ல ஒண்ணும் இல்ல. ஒரு நாளைக்கு எழுபது பேரப் பாக்கறேன். அதுல ஒருத்தர்கூட ‘போயிட்டு வரேன் டாக்டர்’னு எங்கிட்ட சொன்னதில்ல. காலைல அந்தக் கதவ சாத்தினா, யாரோ என்னை மடிச்சுப் பெட்டியில வச்ச மாதிரி இருக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்காதான் அழுதாள்.

மாறிப் போனால் படித்த ஒன்றரை வருஷம் வீண். அங்கே மறுபடி முதலாம் ஆண்டு. கல்லூரியில் இவளை அக்கா என்று அழைத்தவர்கள் அங்கே இவளுக்கு மேலே இருப்பார்கள். கேட்டு, துறைத் தலைவி மறுத்துவிட்டால் அது இன்னும் மோசம். ஓடப் பார்த்தவள் என்ற பெயரோடு அதே இருட்டில் இன்னும் ஒன்றரை வருஷம். அவள் அம்மாவுக்கு இது எதுவும் புரியவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறவர். தினம் மதிய இடைவேளையில் போன் செய்வார். ஸ்பீக்கர் போடாமலே எங்களுக்குக் கேட்கும்.

“ஏண்டி, ஊரே அந்த சீட்டுக்கு ஏங்குது! குளுகுளுன்னு உக்காந்து பாக்கற வேலைய விட்டுட்டு, வாந்தி எடுக்கறவங்க பின்னாடி ஓடப் போறேங்கறியே, யாராவது சூனியம் வச்சுட்டாங்களா?”

“இல்லம்மா.”

“அப்ப உனக்குத்தான் மண்டைல ஸ்கேன் எடுக்கணும்!”

இதற்கிடையில் இன்னொரு சோதனை. புதன்கிழமை காலைக் கூட்டத்தில் துறைத் தலைவி எல்லோர் முன்னிலையிலும் அவளை எழுந்து நிற்கச் சொன்னாராம். “இந்த மாதிரி ஒரு டாக்டர் இந்தத் துறைக்குக் கிடைச்சதுல எனக்குப் பெருமை” என்றாராம். யாரையும் வாய்திறந்து பாராட்டாத பெண்மணி. அறையே கைதட்டியிருக்கிறது. லெட்டரைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு இவள் நின்றிருக்கிறாள்! புகழுக்கு மயங்காத நெஞ்சு உண்டா? அன்று மாலை வந்தவள் பிஸ்கட்டைக்கூட எடுக்கவில்லை.

“இப்பப் போய் கேட்டா நன்றி கெட்டவள்னு நினைப்பாங்க இல்ல, சின்னம்மா?”

அவளே எழுந்து போனாள். போய் முதலில் சொன்னது துறைத் தலைவியிடம் இல்லை. கூடப் படிக்கும் ‘குண்டூசி’யிடம். ஒல்லியாக, தலை மட்டும் பெரிதாக இருக்கும் அந்தப் பையனுக்கு அந்த இருட்டு அறைதான் சொர்க்கம். இவள் போய்விட்டால் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் முழுநாள் டியூட்டி அவனுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும். இதை அவன் மற்றவர்கள் வாயிலாகக் கேட்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். அந்த நினைப்பு எத்தனை பேருக்கு வரும்?

மறுநாள் வியாழக்கிழமை பகல் முழுக்க குண்டூசி அவளோடு பேசவில்லை. அன்று மாலை வார்டுக்கே வந்துவிட்டான்.

“அந்த லெட்டரக் காட்டு.”

காட்டினாள். படித்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

“லெட்டரா இது? அழுகாச்சி! ‘இங்க மூச்சு முட்டுது’ன்னு எழுதியிருக்க. கையெழுத்துப் போடப்போறவங்க இங்கதானே இருபது வருஷமா மூச்சு விடறாங்க! இங்க என்ன பிடிக்கலன்னு ஒரு வரி இருக்கக் கூடாது. அங்க என்ன வேணும்னு மட்டும் எழுது.”

“உனக்குக் கோபம் இல்லையா?”

“கோபம்தான். எனக்குத் தூக்கம் போச்சு. அதுக்காகத் தப்பும் தவறுமா எழுதினத அப்படியே கொண்டு போய்க் கொடுக்க விடணுமா? எழுதுடி!”

அக்காவின் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து திரும்ப எழுதினாள். முதலில் இரண்டு பக்கம் இருந்தது, முடிவில் ஏழு வரி.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு உள்ளே போனாள். அங்கே நடந்ததை அன்று மதியம் அவள் சொல்லக் கேட்டேன். துறைத் தலைவி ஏழு வரியையும் இரண்டு முறை படித்திருக்கிறார்.

“திங்கட்கிழமை ஒரு உயிரக் காப்பாத்தின. இந்தக் கண்ண வச்சுக்கிட்டு அங்க போய் என்ன பண்ணப்போறே?”

பாராட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றிருக்கலாம். என் கண்மணி அப்படி நிற்கவில்லை.

“மேடம், அன்னைக்கு என் கண்ணு ஒண்ணும் கண்டுபிடிக்கல. படத்துல இருந்தத சரியாப் படிச்சேன், கையெழுத்துப் போட்டேன். போட்டுட்டுத்தான் மேல போனேன். அந்த அம்மா முகத்தப் பாத்தப்பதான் ஏதோ சரியில்லன்னு தோணிச்சு. படத்துல இருந்தது நல்லா இருக்கற வயிறு. அந்த முகம் அப்படி இல்ல, மேடம்.”

கையெழுத்துப் போட்டுவிட்டதை அதுவரை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. துறைத் தலைவி லெட்டரை மேசைமேல் வைத்தாராம்.

“இத நீ சொல்லியிருக்க வேண்டாமே.”

“சொல்லாம அந்தக் கைதட்டல எடுத்துட்டுப் போக முடியல, மேடம்.”

“ரெண்டு மாசம் கழிச்சு, ‘மேடம், திரும்பி வரட்டுமா’ன்னு வந்து நிக்கக் கூடாது.”

“நிக்க மாட்டேன்.”

“நின்னா?”

“அப்பவும் உங்ககிட்டதான் வந்து நிக்கணும், மேடம். வேற யாரு எனக்கு இருக்கா?”

அந்த அறையில் அவர் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் முறை என்றாள். சிரித்தபடியே கையெழுத்துப் போட்டிருக்கிறார். போட்டுவிட்டு, இனிமேல் படத்தில் பெயரோடு படுக்கை எண்ணும் பிறந்த தேதியும் சரிபார்க்காமல் யாரும் எழுதக் கூடாது என்று ஒரு உத்தரவையும் எழுதியிருக்கிறார். செய்தி கேட்ட அவள் அம்மாதான் போன் செய்வதை நிறுத்திவிட்டார்.

ஆறு வாரம் கழித்து அக்காவை மறுபரிசோதனைக்கு அழைத்துப்போனேன். அவளைப் பார்க்காமல் வர அக்கா ஒப்பவில்லை. பொது மருத்துவ வார்டில் காலை ரவுண்ட்ஸ் நடந்துகொண்டிருந்தது. டாக்டர்கள் கூட்டமாகக் கட்டில் கட்டிலாக நகர்ந்தார்கள். கடைசி ஆளாக, மார்போடு எட்டுப் பத்து ஃபைல்களை அணைத்துக்கொண்டு அவள். கண்ணுக்குக் கீழே கருவளையம். இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தாள். அவளைவிடச் சின்னப் பெண் ஒருத்தி, “மருந்து அளவு தப்பு, பாருங்க” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள். “சரி, டாக்டர்” என்று இவள் குனிந்து திருத்திக்கொண்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

எங்களைப் பார்த்துவிட்டாள். அசைக்கக் கை இல்லாததால் தாடையால் ஒரு வணக்கம்.

“உங்கம்மா இப்ப பேசறாங்களா?” என்று நான் உதட்டசைவில் கேட்டேன்.

“சாப்பிட்டியான்னு மட்டும்!” என்று அவளும் உதட்டசைவில் சொன்னாள்.

கூட்டம் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது. விட்டுவந்த கட்டிலில் இருந்த வயதான பெண்மணி கால்களைத் தொங்கவிட்டு, கண் தெரியாமல், கால்விரலால் தரையில் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் அங்கே ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இவள் மட்டும் இரண்டடி பின்வாங்கினாள். ஃபைல்களை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் குந்தினாள். உள்ளே தள்ளிக் கிடந்த செருப்பு இரண்டையும் எடுத்து, ஒன்றையொன்று ஒட்டி வைத்து, வலது பாதத்தைத் தன் உள்ளங்கையில் தாங்கி, செருப்புக்குள் மெல்ல இறக்கினாள்.