கோமரத்தாடி மூப்பரான கதை

உபதேசியார் வேலையில் சொல்லிக்கொடுப்பது சுலபம். சொல்லிக்கொடுத்த பிறகு வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். இந்த வேலையில் தொண்டையும் முழங்காலும் தேய்ந்துபோன சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நம்பிக்கொள்ளுங்கள்.

1920களின் கடைசியில், அஞ்சுகிராமம் தாண்டி ஒரு பனையேறிகள் ஊருக்கு என்னை அனுப்பினார்கள். ஓலைக்கூரை போட்ட ஒரு ஜெபவீடு. புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சில குடும்பங்கள். அவர்களில் ஒருவரை மூப்பராகப் பழக்க வேண்டும், இனி உபதேசியார் இல்லாமல் அவரே சபை நடத்த வேண்டும் என்று உத்தரவு. வைகாசியில் சேகரத்து ஐயர், அதாவது சுற்றுச் சபைகளுக்கெல்லாம் பொறுப்பான பாதிரியார், நேரில் வந்து சோதிப்பார். தேறாவிட்டால் ஜெபவீட்டை மூடி, இவர்களைப் பெரிய ஊர்ச் சபையோடு சேர்த்துவிடுவார். அங்கே ஆராதனை காலையில். பனையேறி அந்நேரம் பனை உச்சியில் இருப்பான். ஆக, சேர்ப்பது என்றால் கலைப்பது என்றுதான் அர்த்தம்.

பதிலுக்குக் காத்திருந்த ஜெபம்

யார் மூப்பர் என்று கேட்டதும் எல்லாரும் மாசிலாமணியைக் காட்டினார்கள். கிறிஸ்தவ வேதத்தில் சேருமுன் அவர் சுடலைமாடன் கோவில் கோமரத்தாடி. கோவில் திருவிழாவான கொடைக்குச் சாமி வந்து ஆடிக் குறி சொல்லுகிறவர். அவர் வாயைத் திறந்தால் ஊர் கேட்டுப் பழகியிருந்தது. நேற்றுவரை சாமியாடியவரா என்று யோசித்தேன். ஆனாலும் வேறு ஆள் இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் செய்யச் சொன்னேன். மழை வேண்டும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரக்கூடாது என்று கணீரென்று கேட்டார். அப்புறம் நின்றுவிட்டார். சபையும் மூச்சுக்காட்டாமல் முழங்காலில் நின்றது. ஒரு கோழி உள்ளே வந்து பாயைக் கிளறிவிட்டு வெளியே போனது. பொறுக்க முடியாமல், "ஆமென் சொல்லும்" என்று காதில் கிசுகிசுத்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"கேட்டுட்டு, பதிலு வாறதுக்கு முன்ன எந்திச்சுப் போறது மரியாதையா உபதேசியாரே?"

பனையும் ஓய்வுநாளும்

ஓய்வுநாள் பாடம் நான் மிகவும் ரசித்து நடத்துகிற பாடம். ஞாயிற்றுக்கிழமை கையில் கத்தி எடுக்கக்கூடாது, பனை ஏறக்கூடாது என்று அடித்துச் சொன்னேன். பதநீர் இறக்குகிற பனங்காலம் உச்சத்தில் இருந்தது. ஏசுவடியான் என்ற பனையேறி கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். ஒரு நாள் சீவாமல் விட்டாலும் பாளை அடைத்துக்கொள்ளும், பிறகு பதநீர் இறங்காது என்பது எனக்கும் தெரியும். என் அப்பாவும் பனையேறிதான். ஆனால் நான் அப்போது உபதேசியாராயிற்றே!

பாடம் முடிந்ததும் அவர் கேட்ட கேள்வி நாகர்கோவிலில் எனக்குப் பாடம் சொன்ன எந்தப் புத்தகத்திலும் கிடையாது. காலை ஏற்றத்துக்கும் சாயங்கால ஏற்றத்துக்கும் நடுவே, உச்சிப்பொழுதில் ஆராதனை என்று அன்றே மாற்றிவிட்டேன். அவர் கேட்டது இதுதான்:

"நாங்க ஞானஸ்நானம் எடுத்தாச்சி, சரி. பனை எடுக்கலியே உபதேசியாரே, அதுக்கு ஞாயித்துக்கிழமை எப்படித் தெரியும்?"

காணாமல் போன எருமை

ஒரு நாள் அடுத்த ஊர்க்காரர் ஒருவர் வெற்றிலை பாக்கோடு வந்து மாசிலாமணி வீட்டு முற்றத்தில் நின்றார். எருமை காணவில்லையாம், குறி பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நான் அங்கேதான் இருந்தேன். மாசிலாமணி என்னைப் பார்த்தார், வெற்றிலையைப் பார்த்தார், "அதெல்லாம் விட்டாச்சி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வந்தவர் முகம் வாடித் திரும்பினார். பாவம் பார்த்து மாசிலாமணி கூப்பிட்டார். "குளத்துக்கு மேற்க இப்பம் நல்ல புல்லு கெடக்கு. அங்க போயிப் பாரும்." மறுநாள் காலையில் ஜெபவீட்டு வாசலில் ஒரு பூசணிக்காயோடு அதே ஆள் நின்றார்.

"மூப்பரே, வேதத்துல சேந்த பொறவு ஒமக்குக் குறி முன்னைவிட நல்லாப் பலிக்குவே!"

அண்ணன் வந்தார்

வைகாசி பிறந்தது. மாசிலாமணியின் அண்ணன் வந்தார். நல்ல மனுஷன்; தம்பி வேதத்தில் சேர்ந்த பிறகும் வீட்டுக்கு முதல் கருப்பட்டி கொடுத்தனுப்புகிறவர். வெள்ளிக்கிழமை சுடலைமாடன் கொடை, ஆட ஆளில்லை, வரவேண்டும் என்றார். மாசிலாமணி முடியாது என்றார். அண்ணன் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாசிலாமணியின் மனைவி ஞானப்பூ பதநீர் காய்ச்சுகிற அடுப்பை விட்டு எழுந்திருக்காமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"நீ வராண்டாம்லே. மேளம் கேட்டா ஒன் காலு தானா வந்துரும்."

சோதனை

ஐயர் அந்த வெள்ளிக்கிழமையே வந்து சேர்ந்தார். அவருக்கு வேறு நாள் ஒழியவில்லையாம். உச்சிப்பொழுது, ஜெபவீடு நிறைந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மாசிலாமணி பாட்டுச் சொன்னார், வேதபாடம் ஒன்றைப் பார்க்காமலே ஒப்பித்தார், ஐயர் தலையாட்டினார். ஜெபத்துக்கு எழுந்து நின்று "பரமபிதாவே" என்றதும் தெற்கே சுடலைமாடன் கோவிலில் மதியக் கொடை மேளம் விழுந்தது.

முதலில் அவர் கால் பெருவிரல் துடித்தது. பிறகு முழங்கால். எந்தச் சபையும் ஜெபத்தில் கண்ணை மூடும். அன்று இந்தச் சபை முழுதும் கண்ணைத் திறந்து ஒரு மனிதனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேளம் வேகம் பிடித்தது. வியர்வை அவர் தாடியில் சொட்டியது. குரல் நின்றுவிட்டது. ஐயர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது ஞானப்பூ எழுந்தாள். பெண்கள் பக்கத்தை விட்டு நேரே ஆண்கள் பக்கம் வந்தாள். அப்படி ஒரு வழக்கம் எந்தச் சபையிலும் கிடையாது. புருஷனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அடுப்புக்கரி படிந்த இரண்டு கையாலும் அவர் கணுக்கால் இரண்டையும் இறுகப் பிடித்தாள். அவர் காலோடு அவள் தோளும் சேர்ந்து குலுங்கியது. அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னது கடைசிப் பாய் வரைக்கும் கேட்டது:

"நீங்க ஜெபம் பண்ணுங்க. காலை நான் பிடிச்சிக்கிடுதேன்."

அவர் பண்ணினார். மேளம் ஓயுமுன் ஆமென்வரைக்கும் வந்துவிட்டார். ஐயர் கேட்க வைத்திருந்த கேள்விகளில் ஒன்றையும் கேட்கவில்லை. வெளியே வந்து குடையை விரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"இவர்களுக்கு இரண்டு மூப்பர் இருக்கிறார்கள், நீர் மூட்டையைக் கட்டும்."

நம்முடைய வேலையில், சகோதரரே, நன்றாகச் செய்தவனுக்குக் கிடைக்கிற ஒரே சன்மானம் அவன் இனி வேண்டியதில்லை என்பதுதான்.