கட்டி முடித்த காசுக்கும் வட்டியா?

இன்று பண்டாரவளைக்குப் போய், தையல் மெஷினுக்குக் கடைசித் தவணையைக் கட்டினேன்.

கடைக்காரர் மேலும் அறுபது ரூபாய் கேட்டார். "ரெண்டு தவணை பிந்திட்டீங்க. அதுக்கு வட்டி."

பிந்தியது உண்மைதான். தேயிலைக் கொழுந்து குறைந்து, தோட்டத்தில் வேலை இல்லாத மாதங்கள் அவை. ஆனால் கணக்கைப் பார்த்தால், அவர் வட்டி போட்டிருந்தது மெஷினின் முழு விலைக்கும்.

"கட்டி முடிச்ச காசுக்கும் எதுக்குங்க வட்டி?"

"நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

போட்டேன். மெஷின் வருகிற சந்தோஷத்தில் ஒரு வரிகூட வாசிக்காமல் போட்டேன். அது என் தப்பு.

"அப்ப அந்தப் பேப்பரக் குடுங்க, இப்ப வாசிக்கிறேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிந்திய தவணைக்கு மட்டுமே வட்டி என்று அதில் இருந்தது. கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்.

ரேடியோவுக்குத் தவணை கட்டத் தெமோதரை ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் தன் பேப்பரை நீட்டினாள். "அக்கா, இதையும் கொஞ்சம் வாசிங்க."

கடைக்காரர் அவசரமாக, "ஆறு ரூபா போதும்" என்றார்.

அது நான் கட்டவேண்டிய காசு. கட்டினேன். ரசீது கைக்கு வந்த பிறகு, அந்தப் பெண்ணின் பேப்பரை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

உங்களில் யாராவது வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதுண்டா? இருந்தால் சொல்லுங்கள், அப்படி ஒருவரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.