கிளாரி பஸ்ஸை விற்ற கதை

பக்கத்து வீட்டு கிளாரி நாற்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். சும்மா இருந்தானா? ஒரு ஓட்டை பெட்ஃபோர்டு பஸ்ஸை வாங்கிவந்து, ஷெட்டுக்குள் பதினோரு வருஷம் தட்டித் தட்டிப் புதுசாக்கினான். ஞாயிற்றுக்கிழமைகூட எங்கள் காது கிழிந்தது. அவன் மனைவி நொய்லீனின் கார் அத்தனை வருஷமும் வெயிலில் காய்ந்தது.

ஒருவழியாக விற்பதாக விளம்பரம் கொடுத்தான். வந்த மூன்று பேரும் பஸ்ஸை நடமாடும் வீடாக்கும் எண்ணத்தில், சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட இடம் அளந்தார்கள்.

“படுக்கணும்னா வீட்டுக்குப் போய்ப் படுங்கடா!” என்று விரட்டினான்.

“இந்த ஜென்மத்துல நீ விக்கமாட்ட,” என்றாள் நொய்லீன்.

நாலாவதாக மேரிபரோவிலிருந்து ட்ரூடி வந்தாள். கிளாரியே பஸ்ஸை ஓட்டி அவளுக்கு ஊரை ஒரு சுற்று சுற்றிக்காட்டினான். எங்கள் பக்கம் டிரைவருக்கு நன்றி சொல்லாமல் யாரும் பஸ்ஸைவிட்டு இறங்கமாட்டார்கள். விலை பேச வந்ததையே மறந்து, அவளும் படியிறங்கும்போது, “தேங்க்ஸ், டிரைவர்!” என்றாள்.

கிளாரி சாவியை அவள் கையில் வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் நொய்லீன் காரை ஷெட்டுக்குள் விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்துவந்த கிளாரி இறங்கி, “தேங்க்ஸ், டிரைவர்,” என்றான்.

“வண்டி பதினோரு வருஷம் லேட்டு,” என்றாள் அவள்.