மாமா போட்ட கடுகு எரு

எதையும் வீணாக்காத மனிதரோடு காலம் தள்ளியவர்களுக்குத்தான் என் அம்மாவின் கஷ்டம் புரியும். அம்மாவுக்கு அப்படி ஓர் அண்ணன், என் மாமா. அறுந்த செருப்பு வாரை வெட்டிக் கதவுக்குக் கீலாக அடிப்பார். ஓட்டை வாளியில் செடி வைப்பார். எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

திண்டுக்கல்லை ஒட்டிய அந்தத் தோட்டத்தின் ஓரமாக ஓர் ஓடை உண்டு. மேலே இருந்த தோல் ஷாப் ஒன்று, தோல் பதப்படுத்திய தண்ணீரை வருஷக்கணக்கில் அதில்தான் விட்டது. மழைக்காலத்தில் ஓடை பெருகி எங்கள் மண்ணில் ஏறும். ஷாப்பை மூடிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். மண்ணில் இறங்கிய குரோமியம் என்ற நஞ்சு எங்களோடு தங்கிவிட்டது. அந்த மண்ணில் விளைந்த கத்திரியையும் வெண்டையையும் அம்மா பறிக்கவிடவில்லை. தெரிந்தே எப்படி விற்பது என்பார். தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையான நான் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கத்திரிக்காய் வாங்கப் போனேன். அடுத்த வருஷமாவது அங்கே வெண்டை போட்டுவிட வேண்டும் என்பதே அம்மாவின் ஒரே பேச்சு.

மண்ணைப் பார்க்க வந்த விவசாய ஆபீசர் இரண்டு வழி சொன்னார். மட்கிய எருவை நிறையப் போட்டால் நஞ்சு அதோடு ஒட்டிக்கொண்டு, செடிக்கு ஏறுவது குறையும். ரொம்பக் கெட்டுப்போன பகுதியில் கடுகை நெருக்கமாக விதைத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சை உறிஞ்சும். அதை வேரோடு பிடுங்கித் தோட்டத்தை விட்டே அகற்றிவிட வேண்டும்.

மாமா தலையாட்டினார். மாமா தலையாட்டினாலே அம்மா அவரைச் சந்தேகமாகப் பார்ப்பார்.

கடுகு தளதளவென்று வந்தது. மாமா இடுப்பு ஒடியப் பிடுங்கினார். மறுபடி விதைத்து மறுபடி பிடுங்கினார். எருவும் போட்டுக்கொண்டே இருந்தார். இவ்வளவு எரு எங்கிருந்து வருகிறது என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு வருஷம் கழித்து வந்த ஆபீசர்தான் கேட்டார்.

மாமா பெருமையாக அவரைக் கிணற்றுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் குழியைக் காட்டினார். பிடுங்கிய கடுகு அத்தனையும் அதற்குள் மட்கிக்கொண்டிருந்தது. மண்ணிலிருந்து பாடுபட்டு எடுத்த நஞ்சை, அதைவிடப் பாடுபட்டு அதே மண்ணில் திரும்பப் போட்டிருக்கிறார். இன்று நினைத்தாலும் எனக்குத் தலை வலிக்கிறது.

"நீங்கதானே சார் எரு போடச் சொன்னீங்க?" என்றார் மாமா.

அம்மா அன்று பேசிய பேச்சை எழுத முடியாது. ஒரு வருஷம் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டார். குழியில் மிச்சமிருந்ததையெல்லாம் சாக்குகளில் அள்ளச் சொன்னார். மாமா அள்ளினார்.

"வெளிய எங்கயாச்சும் கொண்டுபோயிக் கொட்டுண்ணே."

மாமா சாக்கைப் பிடித்தபடி நிமிர்ந்தார். "வெளியன்னா யாரு தோட்டத்துல, தாயி?"

அவ்வளவு பேசிய அம்மா சுற்றியிருந்த தோட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எனக்கு இருவர் மேலும் எரிச்சல் வந்தது. இதெல்லாம் ஒரு கேள்வியா? கண்ணெதிரே ஓடை கிடக்கிறது.

"அந்தா ஓடை இருக்குல்ல? அதுல போட்டா தண்ணி வாரப்ப தானா போயிரும்," என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு அம்மா ஒரு சாக்கின் வாயைக் கட்டினார். மாமா இன்னொன்றைக் கட்டினார். எல்லாவற்றையும் மோட்டார் அறைக்குள் தூக்கிப்போய் அடுக்கினார்கள்.

வீட்டிலேயே மூளை உள்ள ஒரே ஆள் நான்தான், என் பேச்சைத்தான் ஒருவரும் கேட்பதில்லை என்று அன்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.